விடாப்பிடிப் பெண்

"உன் பொண்ணு பஸ் ஸ்டாப்புல ஒரு குழந்தையைப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஷிப்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓடிவந்த எஸ்தர் கும்பிட்டாள். "கேஸு கீஸு போட்டுடாதீங்க சார். பதினஞ்சு வயசுதான் ஆவுது. யாராண்டயும் பேசமாட்டா, எல்லார் மூஞ்சியையும் மொறைச்சிப் பார்த்துகினே இருப்பா. ஸ்கூல்ல எல்லாம் கிண்டல் பண்ணுதுங்க."

"குழந்தையோட வந்தவன் அடிச்சும் இவ கையை எடுக்கல."

"ஏண்டி பிளெஸ்ஸி, இன்னாடி பண்ணே?"

பிளெஸ்ஸி சுவரைக் காட்டினாள். ஊரெல்லாம் ஒட்டிய 'காணவில்லை' போஸ்டரில் இரண்டு வயதுக் குழந்தை சிரித்தது.

"அந்தக் குழந்தைக்கு இப்ப ஏழு வயசு. எங்களுக்கே அடையாளம் தெரியல, உன் பொண்ணு பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டா. கடத்தினவன் லாக்கப்புல இருக்கான்."

எஸ்தர் கண்ணைத் துடைத்தாள். "அப்ப என்னை எதுக்கு சார் கூப்ட்டீங்க?"

"குழந்தையைப் பெத்தவ பக்கத்து ரூம்ல இருக்கா. உன் பொண்ணைப் பெத்தவளைப் பார்க்காம போகமாட்டாளாம்."