கிரைண்டர் செய்த பிசகு

ஒரு வீட்டுச் சமையல் மேடையில் எஸ்பிரெசோ மெஷினும், அதற்குக் காபிக்கொட்டை அரைத்துக் கொடுக்கும் கிரைண்டரும் குடியிருந்தன.

"அண்ணே, நம்ம துளசிங்கம் காபி போடறதுல கை தேர்ந்துட்டார். காபியில இப்ப ஒரு குறை சொல்ல முடியாது," என்றது மெஷின்.

கிரைண்டருக்குச் சந்தோஷமில்லை. "ஆரம்பத்துல ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் கசக்கும். 'வேதா, இதைக் கொஞ்சம் பாரேன்'னு பெண்டாட்டியைக் கூப்பிடுவார். அந்தம்மா ஒரு வாய் குடிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். இப்ப அவரே போட்டு, அவரே குடிச்சிட்டுப் போறார்."

"அதுக்காகக் கெடுத்து வெச்சிடாதீங்க. தூக்கிப் பரண்ல போட்டுடுவார்."

"போடட்டுமே."

மறுநாள் கிரைண்டர் பற்களைத் தளர்த்திக்கொண்டு, கொட்டையை நைசாக அரைக்காமல் ரவை மாதிரி அரைத்தது. தண்ணீர் நிற்காமல் ஓடிக் கோப்பையை நிரப்பியது. ஒரு வாய் குடித்த துளசிங்கத்தின் முகம் அஷ்டகோணலானது. அவர் கை கிரைண்டரின் பக்கம் நீண்டது. அது மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கை பாதியில் நின்றது.

"வேதா, இந்தக் கொடுமையைக் கொஞ்சம் குடிச்சுப் பாரேன்!"

"ஏன், நான் உயிரோட இருக்கிறது பிடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள் அவள்.