பச்சைப் பெயின்ட்

பல்தசார் முதலாளிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறினால் வாந்தி வரும். அதனால் படகைக் கரையில் நின்றே பராமரிப்பார். டீசல் டாங்கைத் துரு தின்ற இடங்களிலெல்லாம் துணி சோப்பைத் தேய்த்து அடைத்து, மேலே பச்சைப் பெயின்ட் பூசி, டீசலும் நிரப்பிவிட்டு, இன்று காட்டுவதற்காகவே ஏறியிருந்தார்.

“புதுசு மாதிரி இருக்கால?”

டிரைவர் சந்தியாகு பச்சையில் விரலை வைத்து அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது.

“எடுத்துராதல! டீசல் பூராவும் போயிரும்!”

“அப்ப நீங்க வைங்க மொதலாளி. போட்டை நானுல்லா ஓட்டணும்.”

முதலாளி குனிந்து, மோதிரம் போட்ட விரலை ஓட்டைக்குள் விட்டார். சந்தியாகு அவர் வெள்ளைச் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு, படகைக் கரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் குரல் கொடுத்தான்.