எந்த மாத்திரை

"ஒரு வேளை மாத்திரைகூட விடலையாம்மா?"

டாக்டர் மறுபடியும் கேட்டார்.

அவள் பையிலிருந்து காலி மாத்திரை டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். வாந்தியோடு மாத்திரை வெளியே வந்த நாட்களில்கூட, வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொன்றை விழுங்கியவள் அவள்.

ஆனாலும் ரத்தத்தில் எச்ஐவி கிருமி குறையவில்லை. ஏறியிருந்தது.

பிரசவத்துக்குச் சில வாரங்களே இருந்தன. அதற்குள் கிருமி அடங்காவிட்டால் பிள்ளைக்கும் தொற்றிவிடலாம்.

வயிற்றுக்குள் அது புரண்டு படுத்தது. ஒரு பாவமும் அறியாத உயிர்.

டாக்டர் அவளை நம்பினார். நம்பியதால்தான் அடுத்த கேள்வி வந்தது.

"அப்போ உங்களுக்கு வந்த கிருமியே இந்த மருந்துக்குப் பழகினதா இருக்கும். உங்க வீட்டுக்காரர் முன்னாடி எப்பவாவது மருந்து சாப்பிட்டு நடுவுல விட்டிருக்காரா?"

"ஐயோ, இல்லைங்க டாக்டர். அவருக்கும் என்னோடதான் தெரிய வந்துச்சு."

கர்ப்பம் உறுதியானபின் எடுத்த ரத்தப் பரிசோதனை அது. அன்று அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிருமி எந்த மருந்துக்குப் பழகியது என்ற லேப் முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. வீட்டுக்காரர் முன்பு எதைச் சாப்பிட்டார் என்று தெரிந்தால், அதை ஒதுக்கிவிட்டு இன்றைக்கே வேறு மருந்து தொடங்கலாம். பிள்ளை தப்பித்துக்கொள்ளும்.

"எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

நர்ஸ் அவள் முழங்கையைத் தாங்கி எழுப்பிவிட்டாள். "வெளியே உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லும்மா. நடந்து நடந்து என் வராண்டாவே தேஞ்சுபோச்சு."

அவ்வளவு கலக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கூச்சமும் வந்தது. இப்படிப்பட்ட மனுஷனிடம் போய் எந்த வாயால் கேட்பது?

வராண்டாவில் அவளைக் கண்டதும் அவன் நின்றான். தையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். சட்டையெல்லாம் நூல் துணுக்குகள். அவள் ஒன்றை மெல்ல எடுத்துவிட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. டாக்டர்தான் கேட்கச் சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க ஏதாவது மாத்திரை..."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

கண்களை மூடிக்கொண்டு ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னான். பிறகு இன்னொன்றின் பெயரை.

அவளுக்கு அவனிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. கேட்கத் தொடங்கினால் பெயர்கள் மறந்துவிடும்.

கடவுளின் நாமத்தைச் சொல்வதுபோல அந்த இரண்டையும் திரும்பத் திரும்ப முணுமுணுத்தபடி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அவள் டாக்டரின் அறையை நோக்கி வேகமாக நடந்தாள்.