கரியப்பனுக்குப் பதிலாக

திரையில் கரியப்பன் என்று பெயர் இருந்தது. பெயருக்கு மேலே ஒரு பெண்ணின் பாதி நெற்றியும், குங்குமமும், சுழலும் ஃபேனும் தெரிந்தன.

"கரியப்பன் இல்லைங்களா?" என்றாள் அனுப்ரியா.

"ஷிப்ட்டுக்குப் போயிருக்காருங்க மேடம். அவுருக்குப் பதிலா நான் ஒக்காந்திருக்கேன். மாதேஸ்வரி. அவுரு சம்சாரம்."

அனுப்ரியா ஓசூரில் தன் வீட்டு அறையில் இருந்தபடியே, விபத்தில் மனம் அதிர்ந்துபோனவர்களுக்கு வீடியோவில் சிகிச்சை தருகிறவள். மூன்று மாதத்துக்கு முன் பிரஸ் மெஷினில் வலதுகை விரல் இரண்டைப் பறிகொடுத்த கரியப்பனுக்குக் கம்பெனி எட்டு வாரம் ஏற்பாடு செய்திருந்தது. வேண்டுமென்றால் வீட்டாரும் தங்களுக்காகப் பேசலாம். ஆனால் ஒருவர் மனசுக்கு இன்னொருவர் வந்து வைத்தியம் வாங்கிப்போக முடியுமா?

முடியாது என்று பக்குவமாகச் சொன்னாள்.

"ஏன் மேடம் முடியாது? இருக்குற விரல்லயும் ரேகை தேஞ்சிபோச்சின்னு ரேஷன் கடையில அவுருக்கு அரிசி தரல. என் ரேகையை வச்சித்தான் வாங்கறேன். இதுக்கும் என்னுதையே வச்சிக்குங்க."

அனுப்ரியாவின் விரல் சிவப்புப் பொத்தான் பக்கம் போனது.

"கட் பண்ணிடாதீங்க மேடம்! இதுக்கு அவுரைக் கூப்பிட்டா சிரிக்கிறாரு. இப்பிடியே போனா எங்க வூடு தாங்காது. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன், கேட்டுட்டாவது கட் பண்ணுங்க."

நெற்றி போய், மகள் காவியாவின் பழைய கணக்கு நோட்டு திரை முழுக்க வந்தது.

விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது.

மாதேஸ்வரி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டுப் படித்தாள்.

அவருக்குத் தூக்கமே இல்லை. பாத்திரம் விழுந்தால் உயிர் போய் உயிர் வருகிறது. அதனால் எவர்சில்வர் எல்லாம் பரணுக்கு ஏறிவிட்டது, சாப்பிடுவது பிளாஸ்டிக் தட்டில். டிபன் டப்பாவைக் கண்ணால் பார்க்க ஆகாது. சோற்றைக் கவரில் கட்டித்தான் கம்பெனிக்குக் கொடுத்தனுப்புகிறாள். கத்தியைத் தொட முடியவில்லை. விரல் மாதிரி இருக்கிற வெண்டைக்காய் வாசல்படி ஏறக்கூடாது. கத்தி இல்லாமல் கையாலேயே பிசையக் கூடியது தக்காளி ஒன்றுதான் என்பதால், மூன்று மாதமாக இரண்டு வேளையும் தக்காளிக் குழம்பு.

"நடுவுல தொக்கும் வச்சேன் மேடம்," என்று நியாயமாகச் சேர்த்துக்கொண்டாள்.

அனுப்ரியா குறிப்பெடுப்பதை நிறுத்தினாள்.

"உங்க வீட்ல காய் நறுக்கறது யாருங்க?"

"நான்தான். அவுருக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது."

சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அப்போது கதவு திறந்தது. கம்பெனி பஸ் இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது போலிருக்கிறது. நீலச் சட்டையில் ஒரு பெரிய சிரிப்பு திரைக்குள் குனிந்தது.

"ஊட்டா ஆய்த்தா மேடம்?" கரியப்பன் கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரன், சாப்பாடு ஆச்சா என்பதைக் கன்னடத்தில் கேட்டால்தான் அவனுக்குத் திருப்தி. "உங்க வூட்லயாவது வேற கொழம்பா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. பரணில் கைவிட்டுத் துழாவினான். "பிளாஸ்டிக்ல துன்னா துன்ன மாதிரியே இல்ல மேடம். இன்னிக்கு ஒருநாள் எவர்சில்வர்ல..."

மூன்று விரலில் தட்டு நிற்கவில்லை.

டணார் என்று விழுந்து, சுற்றிச் சுற்றிச் சுழன்று, ஒருவழியாக அடங்கியது.

திரையில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போனை எடுத்த கரியப்பன் கொட்டாவி விட்டான். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தான்.

"இவ இப்பிடித்தான் மேடம். டம்முன்னா உள்ள பூந்துக்குவா."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எனக்கா? அன்னிக்கு எனக்கு நெனவே இல்லியே. கம்பெனி கேட்டாண்ட சோறு கொண்டாந்தவ இவதான். சோத்தைக் கீழ கொட்டிட்டு, ஜூஸ் கடையில ஐஸ் வாங்கிப் போட்டு, ரெண்டு வெரலையும் கவர்ல சுத்தி டிபன் டப்பாவுல வச்சிகினு, ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில புடிச்சிகினே வந்தா. அப்பவும் ஒட்டல. டிராபிக்ல ஒரு மணி நேரம்..."

ஒரு மணி நேரம் என்னும்போது அவன் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

அனுப்ரியா குறிப்பேட்டில் கரியப்பன் என்ற பெயரை அடித்தாள். மாதேஸ்வரி என்று எழுதினாள்.

"போனைக் கட்டிலுக்கு அடியில வைங்க," என்றாள்.

திரை இருட்டாகி, மெல்ல ஒரு மூக்குத்தி தெரிந்தது.

"எதையும் சொல்ல வேணாம் மாதேஸ்வரி. கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருள், அது மட்டும் சொன்னாப் போதும். படபடப்பு அடங்கும்."

"யாருக்கு மேடம்? அவுருக்கா?"

"அவருக்குத்தான்."

மூச்சு வாங்கும் சத்தம். கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்துப் பரப்பியிருந்ததை அவள் எண்ணத் தொடங்கினாள்.

"தக்காளி. இன்னொரு தக்காளி. மூணாவது அழுகினது, இதைச் சேத்துக்கலாமா?"

"தாராளமா."

"எவர்சில்வர் தட்டு. அது சும்மாதான் கெடக்குது."

"நாலு ஆச்சு."

அனுப்ரியா அவசரப்படுத்தவில்லை. கட்டிலுக்கு வெளியே யாரோ முட்டிபோட்டு உட்காரும் சத்தம் கேட்டது. சட்டைக் கையின் நீலம் ஒன்று மெதுவாக உள்ளே நீண்டு வந்தது.

மாதேஸ்வரி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"அவுரு கை," என்றாள். "மூணு வெரலும் இருக்குது மேடம்."