பரணில் முளைத்த கிழங்கு

என் மனைவி செண்பகத்துக்குத் தெரியாமல் தின்பதற்காகப் பரணில் ஒளித்து, பிறகு நானே மறந்துபோன சர்க்கரைவள்ளிக் கிழங்கு முளைவிட்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு முழம் வளர்ந்தது, சத்தியம். அண்டாக்களுக்கிடையில் பின்னிக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி ஓடியிருந்த அந்தக் கொடி முழுக்க வெளுத்துக் கிடந்தது. இழுத்தால் ஒடிந்துவிடும். வெயில் பட்டால்தான் இலை பச்சைபிடித்துத் தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே காய்ச்சிக்கொள்ளும். அதுவரை கிழங்கில் இருப்பதைத்தான் தின்றாக வேண்டும். கிழங்கோ என் கன்னத்தைப்போல ஒட்டிப்போயிருந்தது.

“முந்நூறு சுகர வச்சுக்கிட்டுத் திருட்டுக் கிழங்கு கேக்குதா? குப்பையில போடுங்க!” என்றாள் செண்பகம்.

“நான் எங்க தின்னேன்? அதுவே அதத் தின்னுக்கிட்டிருக்கு.”

சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சூரியனைப் பிடித்துப் பரண்மேல் எறிந்தேன். வெளிச்சம் சுவரில் ஏறியது, காலண்டரில் குதித்தது, மின்விசிறியைச் சுற்றியது. இலையில் மட்டும் நிற்கவில்லை. வெயில் வேறு நகர்ந்துகொண்டே இருந்தது. நானும் வாசலில் இடமும் வலமும் ஆடினேன். எதிர்வீட்டில் நாலு தலைகள் எட்டிப் பார்த்தன, இல்லை, நாற்பது.

திடீரென்று இன்னொரு வெளிச்சம் உள்ளே நுழைந்து, வெளுத்த இலைமேல் அசையாமல் உட்கார்ந்தது. திரும்பினேன். என் பக்கத்தில் செண்பகம், கையில் எவர்சில்வர் தட்டோடு.

“இப்படிப் பிடிக்கணும்,” என்றாள்.

“எவ்வளவு நேரம் செண்பகம்?”

வெயில் நகர, அவளும் ஓர் அடி நகர்ந்தாள்.