பாறை வாசல்

"பயப்படாதே கெலேரா. கண்ணை மூடிக்கிட்டே உங்களைக் கொண்டுபோய்ச் சேத்துடுவேன்" என்று சிரித்தான் அபிசாய். அந்தச் சிரிப்பு அவனுக்கே ஒட்டவில்லை.

பெரிய தீவில் பிள்ளை பெற்ற தங்கையை ஊருக்கு அழைத்துப் போகிறான். வழியில் படகு எஞ்சின் மக்கர் செய்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. சாரல் படாமலிருக்கக் கெலேரா பச்சைக் குழந்தையோடு தார்ப்பாய்க்குள் படுத்துக்கொண்டாள். படகின் முனையில் அவன் மனைவி வசிதி உட்கார்ந்திருந்தாள்.

அபிசாய்க்குக் கடலே தெரியவில்லை.

பகலில் அவன் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. இருட்டத் தொடங்கினால்தான் கறுப்புத் துணி போட்டு மூடியதுபோல ஆகிவிடும். போன மாதம் ஊர் நர்ஸிடம் ரகசியமாகப் போய்க் கேட்டான். கெட்டுப்போனது ஈரல் என்றாள் அவள். பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யை ஈரல்தான் சேர்த்து வைக்கிறதாம். வருஷக்கணக்காகக் குடித்தால் அந்தச் சேமிப்பு கரைந்து மாலைக்கண் வந்துவிடுமாம். மாத்திரையை நீயாக வாங்கி விழுங்காதே, அதைத் தாங்கக்கூட உன் ஈரலுக்குத் தெம்பில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, அதுவரை இருட்டில் படகைத் தொடாதே என்று கண்டித்து அனுப்பினாள்.

அவன் போகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. பார்வையில்லாதவன் படகில் யார் ஏறுவார்கள்? எஞ்சினை நான் கவனிக்கிறேன், வழியை நீ பார்த்துச் சொல் என்று வசிதியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டான். அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. இதுவரை வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிட்டார்கள். முழு இருட்டு இன்றைக்குத்தான்.

பவளப்பாறையில் அலை மோதும் இரைச்சல் கேட்டது. பாறைகளுக்கு நடுவே படகு நுழையும் இடைவெளி மிகக் குறுகல்.

"வாசல் தெரியுதா வசிதி?"

"ம்... தெரியுது." அவள் குரல் நடுங்கியது. குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பழக்கத்தில் அவன் கை படகை லேசாக இடப்பக்கம் சாய்த்தது.

"இடது" என்றாள். தைரியம் வந்து இன்னும் கொஞ்சம் திருப்பினான். பிறகு ஒரு தயக்கத்தோடு வலப்பக்கம் ஒடித்தான். "வலது... அப்படியே போ" என்றாள். அவன் கை நினைப்பதை அவள் வாய் சொல்லிக்கொண்டே வந்தது.

அடிப்பலகையை எதுவோ உரசிக்கொண்டு போனது. என்ன சத்தம் என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து கெலேரா கேட்டாள். இரு பக்கமும் அலை உறுமியது. அபிசாயின் முதுகில் வியர்வை வழிந்தது.

சட்டென்று படகு ஆடுவது நின்றது. இரைச்சல் பின்னால் போய்விட்டது. தூரத்தில் ஊர் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் தடவித் தடவி மனைவியிடம் போனான். அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை.

"குடிச்சுக் குடிச்சு எனக்கு மாலைக்கண் வந்துடுச்சு வசிதி. வழி ஒண்ணுமே தெரியலை. நீ சொன்னதை நம்பித்தான் திருப்பினேன். இன்னிக்கு நீ இல்லேன்னா அந்தக் குழந்தை..."

வசிதி கை நீட்டினாள். இருட்டில் துழாவி அவன் தோளைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டாள்.

"உன்கூட உக்காந்து நானும்தானே தினமும் குடிச்சேன்? படகு எந்தப் பக்கம் சாஞ்சுதோ, அந்தப் பக்கத்தைத்தான் நான் சொல்லிட்டு வந்தேன்."