குதிரையின் காது

சிங்கப்பூரின் கிளமெண்டியில் ஒரு மன்றத்தின் வாசலில் நிற்கும் வெண்கலத் தளபதிக்கும் அவர் குதிரைக்கும் மாதம் ஒருமுறை மெழுகு பூசித் துடைப்பது மருதப்பனின் வேலை. கோயிலில் நந்தியின் காதில் சொல்லிப் பழகியவர், ஏணியில் நின்றபடி இந்தக் குதிரையின் காதிலும் மனக்குறையைச் சொல்லிவைப்பார். பதினோரு வருடப் பழக்கம். நேற்று, வலது கண் தெரியவில்லை என்றார். வீட்டில்கூடச் சொல்லாத விஷயம்.

காலையில் சூப்பர்வைசர் ஜரீனா ஏணியைப் பூட்டி வைத்திருந்தாள்.

“வலது கண்ணு தெரியலையாமே அங்கிள்? இனிமே ஏற வேணாம் லா. வேற ஆள் வருது.”

“யாரும்மா சொன்னது?”

அவள் ஏணியின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மருதப்பன் வாசலுக்கு வந்தார்.

நேற்று அவர் பூசிய மெழுகு இன்னும் பளபளத்தது. எப்போதும் நேரே பார்க்கும் குதிரை கழுத்தைப் பின்னால் திருப்பியிருந்தது. தளபதி குனிந்து, அதன் வாயருகே காதை வைத்திருந்தார்.